பத்தாவது ஹர்டில்

அன்று சாயங்காலம் மைதானத்தில் இருந்தவர்கள்: இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ஹமீதா. அவளிடம் படிக்க வந்த நர்ஸ் ஜெயசீலி. பள்ளிக்கூட வாட்ச்மேன் ஆவுடையப்பன். கால்பந்துக் கம்பத்தில் கட்டியிருந்த அவருடைய வெள்ளாடு.

ஆள் மூன்று, ஆடு ஒன்று.

டீச்சருக்கு வயது இருபத்தொன்பது. மாணவிக்கு நாற்பத்தேழு.

"என்னால முடியாது டீச்சர்," என்றாள் ஜெயசீலி. "திங்கக்கிழமைப் பரீட்சைக்கு நான் மதுரைக்குப் போகலை."

ஹமீதா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"மூணு தடவை போயாச்சு. எழுதச் சொன்னா எழுதிருதேன். கேக்கச் சொன்னா கேட்டுருதேன். வாயைத் திறந்து பேசுன்னு சொன்னா மட்டும் நாக்கு ஒட்டிக்கிடுது."

"என்ன கேட்டாங்க?"

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"திரும்பச் சொல்லுங்க."

ஜெயசீலி அதை இங்கிலீஷிலேயே சொன்னாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வாள். நீங்கள் தாண்டி வந்த ஒரு ஹர்டிலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள்.

"முதல் தடவைதான் அந்தக் கேள்வி. ரெண்டாவது தடவை பிடிச்ச சாப்பாட்டைப் பத்திக் கேட்டாங்க. மூணாவது தடவை மழைக்காலம். ஆனா என் காதுல அதுவேதான் விழுந்துச்சு. உக்காந்து அழுதுட்டு வந்தேன்."

"இந்தத் தடவை?"

"இந்தத் தடவை எதுக்கு டீச்சர் மதுரை வரைக்கும் போகணும்? அழுகையை வீட்டுலயே அழுதுக்கிடலாம்."

இங்கிலீஷ் பரீட்சையில் பாஸானால், அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடம் இருந்தது. இந்த மாதக் கடைசி வரைதான் இருக்கும். விண்ணப்பம் போட்டது, ஹமீதாவிடம் படிக்கச் சேர்த்துவிட்டது, எல்லாம் அவள் மகன் ஜோஃபின். நீ முதல்ல போம்மா, பின்னாலேயே நான் வாரேன் என்றான். சேர்த்துவிட்ட பிறகு நாலு மாதம்தான் இருந்தான். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், அவளுடைய வார்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில் இறந்தான்.

இப்போதும் அவளுக்கு அதே வார்டுதான். அந்தக் கட்டிலில் யார் யாரோ வந்து படுக்கிறார்கள். விரிப்பு மாற்றுவது ஜெயசீலி.

மதுரைக்குப் போகவில்லை என்றால், இனி ஓய்வு பெறும் வரை அந்த விரிப்பை மாற்ற வேண்டும்.

"அந்த ஹர்டில்ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் புரியலையா, அக்கா?"

"தடை. டிக்‌ஷனரி பார்த்தேன். அதுல தடைக்கு இன்னும் நாலஞ்சு வார்த்தை கிடக்கு. ஆப்ஸ்டகிள்ங்கான், பாரியர்ங்கான். ஒரு தடைக்கு எதுக்கு இத்தனை?"

ஆவுடையப்பன் பீடியைக் காதில் செருகினார்.

"வெள்ளைக்காரனுக்குத் தடையே வந்திருக்காதும்மா. அதான் உக்காந்து பேர் வச்சு விளையாடியிருக்கான்."

ஹமீதா அவரைப் பார்க்கவில்லை. மைதானத்துக்கு அந்தப்புறம் இருந்த காம்பவுண்டுச் சுவரைக் காட்டினாள்.

"அது ஹர்டிலா?"

ஜெயசீலி யோசித்தாள். "தடைதானே."

"ஹர்டிலா?"

"தெரியலை."

"அண்ணாச்சி, அந்தக் கொட்டகைச் சாவி."

"எதுக்கு டீச்சர்? விளையாட்டு விழா ஜனவரியிலல்லா?"

"வார்த்தை ஒண்ணு உள்ள கிடக்கு. எடுக்கணும்."

கொட்டகைக்குள் பாய்கள், ஒரு கிழிந்த வலை, காற்றுப் போன பந்துகள். சுவரோரமாகத் தடைதாண்டும் ஓட்டத்துக்கான சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. மேலே ஒரு மரப்பட்டை, இரண்டு பக்கமும் இரும்புக் குழாய். குழாயின் அடியில் இரண்டு கால்கள் ஒரே பக்கமாக நீண்டிருந்தன, சப்பணம் கலைத்து உட்கார்ந்தவன் காலை நீட்டியதுபோல.

"இதுதான் ஹர்டில்," என்றாள் ஹமீதா. "பத்து இருக்கு. ஒண்ணொண்ணா ஓடுபாதையில கொண்டு வைங்க. வைக்கும்போது அது என்னன்னு பேர் சொல்லுங்க."

"என்ன பேரு?"

"உங்க தடைக்கு உங்களுக்குப் பேர் தெரியாதா?"

ஜெயசீலி துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். முதல் ஹர்டிலைத் தூக்கினாள். நோயாளியைத் தூக்கிப் பழகிய கை. அலுங்காமல் கொண்டுபோய் வைத்தாள்.

"வயசு," என்றாள்.

"ம்."

"இது முழங்கால் வலி."

"அது எனக்கும் இருக்கு," என்றார் ஆவுடையப்பன். "என் பங்கையும் சேர்த்து வைங்க."

மூன்றாவதை வைத்துவிட்டுக் கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"பல்லு. முன்பல்லு ரெண்டும் தூக்கலா இருக்கும். பேசினா அதைத்தான் பார்ப்பாங்கன்னு தோணும்."

"நாலாவது?"

"மாமியா. சாகிறவரைக்கும் என்னை ஊமைன்னுதான் கூப்பிட்டாங்க. இப்ப செத்துட்டாங்க. கூப்பிடுறது நிக்கலை."

"அஞ்சாவது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவர் எங்க இருக்கார்?"

"திருப்பூர்ல. அங்க வேற குடும்பம்."

ஆவுடையப்பன் எழுந்துபோய், நன்றாகவே கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

ஆறாவதை அவள் பயம் என்றாள். ஏழாவது, பிளேன். அதில் ஏறியதே இல்லை. எட்டாவது, குளிர். ஒன்பதாவதை வைத்தபோது மூச்சு வாங்கியது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "தனியாச் சாப்பிடுறது," என்றாள்.

பத்தாவதைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வைக்காமல் நின்றாள்.

ஹமீதா காத்திருந்தாள்.

ஜெயசீலி அதைக் கீழே வைத்தாள். கோணலாக இருந்தது. நேராக்கினாள். மேற்பட்டையில் படிந்திருந்த தூசியைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை துடைத்தாள்.

"பேர்?"

"உங்களுக்குத் தெரியும் டீச்சர்."

ஹமீதா வற்புறுத்தவில்லை.

"சரி. அங்கேயிருந்து ஓடி வாங்க."

"நானா? ஓடவா?"

"நடந்து வந்தா அது ஹர்டில் இல்ல. சாமான்."

ஜெயசீலி ஆரம்பக் கோட்டுக்குப் போனாள். பத்து ஹர்டிலும் வரிசையாக நின்றன. பட்டைகள் மிகத் தாழ்ந்த துளையில்தான் மாட்டியிருந்தன, தொடை உயரம்கூட இல்லை. ஆனாலும் அங்கிருந்து பார்க்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு, ஒரே சுவர் மாதிரி தெரிந்தது.

சிலுவை போட்டுக்கொண்டு ஓடினாள்.

முதல் ஹர்டிலில் முழங்காலுக்குக் கீழே இடித்தது. ஹர்டில் அசையவில்லை. அவள்தான் அதன்மேல் மடிந்து, அந்தப் பக்கம் புல்லில் போய் விழுந்தாள்.

ஹமீதா ஓடி வரவில்லை. ஆடு கத்தியது.

"நான் அப்பமே சொல்லணும்னு நெனைச்சேன்," என்றார் ஆவுடையப்பன்.

"சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?" ஜெயசீலி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லாதீங்கன்னு டீச்சர் கண்ணைக் காட்டிட்டாங்க. பத்தையும் திருப்பி வச்சிருக்கீங்கம்மா. இருவது வருஷமா இந்த மைதானத்துல கிடக்கேன். ஒண்ணு ரெண்டைத் திருப்பி வச்சவங்களைப் பார்த்திருக்கேன். பத்தையும் இவ்வளவு ஒழுங்கா, அளவெடுத்தாப்ல திருப்பி வச்சவங்களை இன்னைக்குத்தான் பார்க்கேன்."

"திருப்பியா?"

ஹமீதா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"எதுக்கு அக்கா ஹர்டிலோட கால் எல்லாத்தையும் ஓடி வர்றவங்களுக்கு அந்தப் பக்கமா வச்சீங்க?"

ஜெயசீலிக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு புரிந்தது.

"வேற எப்படி வைப்பாங்க? வார்டுல சலைன் ஸ்டாண்டா இருக்கட்டும், ஸ்டூலா இருக்கட்டும், வாற ஆளுக்கு எதிர்க்க காலை நீட்டி வைக்கக்கூடாது. தடுக்கி விழுந்துருவாங்க. டிரெயினிங்ல முதல் நாள் சொல்லித் தந்தது. கை தானா அப்படித்தான் வைக்கும்."

"யாரும் விழக் கூடாதுன்னு வச்சீங்க."

"ஆமா."

"விழுந்தது யாரு?"

ஜெயசீலியின் காலில் தோல் வழன்று ரத்தம் முத்து முத்தாக நின்றது. அதை அடுத்தவர் காயத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஹமீதா எழுந்து இரண்டாவது ஹர்டிலுக்குப் போனாள். அதைத் திருப்பி வைத்தாள். இப்போது அதன் கால்கள் ஓடி வருபவரைப் பார்த்து நீண்டிருந்தன. பட்டையை ஒரு விரலால் ஓடும் திசையில் தள்ளினாள்.

ஹர்டில் சத்தமில்லாமல் கவிழ்ந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் ஜெயசீலி.

"விழுறதுக்குத்தான் செஞ்சிருக்கு. ஓடுறவங்க கால் பட்டா விழணும். விழுந்தாலும் தப்பில்ல. அதையும் தாண்டினதாத்தான் கணக்கு வைப்பாங்க. கையால தள்ளிவிடாம இருந்தா போதும்."

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லித் தந்தாங்க?"

ஹமீதா கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். மூட்டைச் சுற்றி, தையல் போட்ட தழும்பு ஒரு பூரானைப்போல வளைந்து கிடந்தது. அவள் லேசாக விந்தி நடப்பதை ஜெயசீலி தினமும் பார்த்திருக்கிறாள். கேட்டதில்லை.

"மாவட்டப் போட்டி. மூணாவது ஹர்டிலை யாரோ திருப்பி வச்சுட்டாங்க."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறம் இங்கிலீஷ் படிச்சேன்."

ஆவுடையப்பன் வேறு பக்கம் பார்த்தார். "இந்தப் புள்ள ஓடுறதைப் பார்க்க அப்பமெல்லாம் வேலிக்கு வெளிய ஆட்டோவை நிப்பாட்டிருவாங்க," என்றார், யாரிடமும் இல்லாமல்.

வெயில் சுவருக்கு அந்தப்பக்கம் இறங்கிவிட்டது.

"திருப்பி வைங்க அக்கா," என்றாள் ஹமீதா.

ஜெயசீலி எழுந்தாள். வயசைத் திருப்பினாள். கவிழ்ந்து கிடந்த முழங்கால் வலியை நிமிர்த்தி வைத்தாள். பல்லு, மாமியா, வீட்டுக்காரர். வீட்டுக்காரரைத் திருப்பும்போது வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்து, நன்றாகக் கால் படும் இடத்தில் வைத்தாள். ஆவுடையப்பன் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வாயை மறைத்துக்கொண்டாள்.

ஒன்பதைத் திருப்பினாள். பத்தாவதிடம் போனாள். பட்டையில் கை வைத்தாள். அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"பத்தாவது?"

"அது இருக்கட்டும்."

"இடிச்சா நீங்கதான் விழுவீங்க."

"தெரியும்."

"திருப்பினா அது விழும். நீங்க முடிவுக் கோட்டைத் தாண்டிப் போயிரலாம்."

"அது விழக் கூடாது டீச்சர்."

இத்தனை மாதத்தில் அவள் பேசிய எதுவும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஹமீதா ஓடுபாதையை விட்டு விலகி நின்றாள்.

ஜெயசீலி கோட்டில் போய் நின்றாள். இந்த முறை சிலுவை போட மறந்துவிட்டாள். ஓடினாள்.

வயது கவிழ்ந்தது. அடுத்ததும் கவிழ்ந்தது. பல்லைத் தாண்டும்போது அவள் வாய் திறந்திருந்தது. மாமியா பட்டென்று சாய்ந்தாள். வீட்டுக்காரர் விழுந்த சத்தத்தில் ஆடு கயிற்றை இழுத்தது. பயத்தில் கால் சிக்கித் தடுமாறினாள், விழவில்லை. பிளேன், குளிர், தனியாகச் சாப்பிடுவது எல்லாம் அவளுக்குப் பின்னால் புல்லில் கிடந்தன.

பத்தாவதற்கு ஓரடி முன்னால் நின்றாள்.

வந்த வேகத்துக்கு உடம்பு முன்னால் சாய்ந்தது. இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடிப்பதுபோலவே இருந்தது. அதே உயரம். அதே குளிர்ச்சி இல்லை, இது மரம். விரல்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஹமீதா விந்தி விந்தி நடந்து வந்து ஹர்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இங்கிலீஷில் கேட்டாள், பரீட்சை நடத்துகிறவரின் குரலில்:

"நீங்கள் தாண்டி வந்த ஒரு ஹர்டிலைப் பற்றிப் பேசுங்கள்."

ஜெயசீலிக்கு மூச்சு இரைத்தது.

"ஒம்போது கிடக்கே அக்கா. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"அதுல சொல்லுறதுக்கு என்ன இருக்கு? விழுந்துட்டு."

"பின்ன?"

ஜெயசீலி பட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

நான் ஒன்றைத் தாண்டவில்லை என்றாள். அதைப் பற்றித்தான் பேசுவேன் என்றாள். அதன் பெயர் ஜோஃபின். அதற்கு இருபது வயது. அதற்கு உப்புப் போட்ட மாங்காய் பிடிக்கும், டாக்டர் உப்பே கூடாது என்றார், நான் ஒரே ஒரு துண்டு கொடுத்தேன், ஒரே ஒரு நாள். அது ராத்திரியில் தண்ணீர் கேட்கும். அளந்து கொடுக்க வேண்டும். நான் அளந்துதான் கொடுத்தேன். அளக்காமல் கொடுத்திருக்கலாம். கடைசி நாள் எனக்கு டியூட்டி இருந்தது. மற்ற கட்டிலுக்கெல்லாம் போய்விட்டு வந்தேன். ஒழுங்குப்படி வரிசையாகப் போனேன். ஜன்னலோரக் கட்டில் வரிசையில் கடைசி.

அவள் இங்கிலீஷில் மகன் நிகழ்காலத்திலேயே இருந்தான். இருந்தான் என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் இருக்கிறான் என்று வந்தது. ஹமீதா எப்போதும் உடனுக்குடன் திருத்துவாள். அன்று ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

இரண்டு நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. ஆவுடையப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்திருந்தார்.

பேச்சு நின்றது. முடிந்து நின்றதா, தீர்ந்து நின்றதா என்று சொல்ல முடியவில்லை.

"இப்படிப் பேசினா பாஸ் போடுவாங்களா?" ஜெயசீலி தமிழில் கேட்டாள்.

"தெரியாது."

"அவங்க கேட்டது தாண்டினது. நான் சொன்னது தாண்டாதது."

"ஆமா."

"இன்னும் அப்படியேதான் இருக்கு டீச்சர். இவ்வளவு பேசியும் ஒரு பொட்டுக் குறையலை."

ஹமீதா தலையசைத்தாள். தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"மதுரைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள் ஜெயசீலி.

"நாலரைக்கு," என்றார் ஆவுடையப்பன். "நான் ஆட்டோ சொல்லி விடுதேன்."

அவர் விழுந்த ஹர்டில்களை நிமிர்த்தி, தோளுக்கு ஒன்றாக இரண்டிரண்டாகக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். நாலு நடை நடந்தார். ஐந்தாவது நடைக்கு வந்து, ஒன்பதாவதைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றிருந்த கடைசி ஹர்டிலில் கை வைக்கப் போனவர், ஹமீதாவைப் பார்த்தார்.

ஹமீதா ஜெயசீலியைப் பார்த்தாள்.

ஜெயசீலி பட்டையை இன்னொரு முறை துப்பட்டா நுனியால் துடைத்தாள். கோணலாக இருக்கவில்லை, ஆனாலும் நேராக்கினாள். பிறகு, டீச்சரிடமும் இல்லை, வாட்ச்மேனிடமும் இல்லை, அதனிடமே சொன்னாள்.

"போயிட்டு வாரேன்."

கொட்டகைக்குள் போனவை ஒன்பது. மைதானத்தில் நின்றது ஒன்று.